செல்ஃப் அப்ரைசலில் எனக்கு நானே எவ்வளவு போட்டுக்கொள்வது?

கேள்வி: சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மார்ச் வந்தால் செல்ஃப் அப்ரைசல் ஃபார்ம், அதாவது வருஷம் முழுக்கச் செய்த வேலைக்கு நமக்கு நாமே 5க்கு இவ்வளவு என்று போட்டுக்கொள்ளும் ஃபார்ம், வந்துவிடுகிறது. மேனேஜர் மனசில் இருக்கும் ரேட்டிங்கைத்தான் போடப்போகிறார், பிறகு எதற்கு என்னைக் கேட்கிறார்கள்? 5 போட்டால் தலைக்கனம் என்பார்கள், 3 போட்டால் அதையே வைத்துவிடுவார்கள். நம்மை நாமே புகழ்ந்து எழுதவும் கூச்சமாக இருக்கிறது. போன வருஷம் நாலு வரி எழுதி அனுப்பினேன். இந்த வருஷமும் அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். மேனேஜர் ஏற்கெனவே ஒரு முடிவோடு இருப்பார் என்பது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் அந்த முடிவு அவரோடு நின்றுவிடுவதில்லை. அவருக்கு மேலே ஒரு கூட்டம் நடக்கும், அதில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், உங்கள் சொந்த வார்த்தையில் அங்கே போய்ச் சேரக்கூடியது நீங்கள் எழுதும் அந்த ஒரு பக்கம் மட்டும்தான். மேனேஜருக்கு எழுதுவதாக நினைத்துக்கொள்வதால்தான் 'அவருக்குத் தெரியாததா' என்று நாலு வரியில் முடித்துவிடுகிறோம். நான் டெவலப்பராக ஆரம்பித்து டீம் லீடாகி, அப்புறம் ரேட்டிங் போடும் வேலைக்கும் வந்தவன். அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் எழுதும் விதமே மாறிவிடும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு ஒவ்வொரு கம்பெனியில் ஒவ்வொரு பெயர். கேலிப்ரேஷன் என்பார்கள், நார்மலைசேஷன் என்பார்கள். நடப்பது ஒன்றுதான். ஒரு அறை, திரையில் எக்செல் ஷீட், அதில் நாற்பது ஐம்பது பெயர். ஐந்தாறு மேனேஜர்கள், அவர்களுக்கு மேலே ஒரு டெலிவரி ஹெட், லேப்டாப்போடு ஒரு எச்ஆர். எச்ஆர் பேச்சை ஆரம்பிப்பதே எண்ணிக்கையில்தான்: இந்த குரூப்புக்கு டாப் ரேட்டிங் ஐந்து பேருக்குத்தான் தரலாம், ஷீட்டில் ஒன்பது பேர் இருக்கிறார்கள், நாலு பேரை இறக்க வேண்டும். உடனே டெலிவரி ஹெட் ஒவ்வொரு பெயராகக் கேட்க ஆரம்பிப்பார், "இவர் யாரு? என்ன பண்ணினாரு?" அந்த மேனேஜருக்குப் பேசக் கிடைப்பது அரை நிமிஷம், மிஞ்சிப் போனால் ஒரு நிமிஷம். "ரொம்ப நல்ல பையன் சார், எப்போ கூப்பிட்டாலும் வருவான், ஹார்ட் வொர்க்கர்" என்று ஒருவர் சொல்வார். அடுத்தவர், "இவங்க எழுதின ஸ்கிரிப்டுக்கு அப்புறம் மந்த் எண்ட்ல ரெண்டு பேர் உட்கார்ந்து பண்ணின வேலை தானா நடக்குது, கிளையண்ட் மெயில் இருக்கு, காட்டட்டுமா" என்பார். இறங்கப்போவது யார் என்று சொல்ல வேண்டியதே இல்லை. முதல் பையன் உண்மையில் இரண்டாமவரைவிட அதிகம் உழைத்திருக்கலாம். அவனுடைய மேனேஜருக்கு அவன்மேல் அக்கறை இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல அவர் கையில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வருஷம் முழுக்கச் செய்த வேலையை எந்த மனிதரும் ஞாபகத்தில் வைத்திருக்க முடியாது. கடைசி இரண்டு மூன்று மாசம் நடந்ததுதான் மனசில் நிற்கும். ஜூன் மாசம் நீங்கள் உயிரைக் கொடுத்து முடித்த ரிலீஸ் மார்ச்சில் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

சரி, ஏன் ஐந்து பேருக்கு மட்டும்? காரணம் பணம். சம்பள உயர்வுக்கு இந்த வருஷம் இவ்வளவுதான் என்று ஒரு தொகை முதலிலேயே முடிவாகிவிடும், ரேட்டிங் அந்தத் தொகைக்குள் அடங்கியாக வேண்டும். இதைத்தான் பெல் கர்வ் (நடுவில் நிறையப் பேர், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் பேர் என்று மணி வடிவத்தில் வரும் கோடு) என்ற பெயரில், ஏதோ இயற்கை விதி போலச் சொல்கிறார்கள். இதைப் பிரபலப்படுத்தியவர் 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியை நடத்திய ஜாக் வெல்ச். மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10, அந்தக் கீழ் 10 சதவீதம் பேர் கம்பெனியை விட்டுப் போக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கணக்காகப் பார்த்தாலும் இது நிற்காது. ஊரில் கண்ணில் பட்டவரையெல்லாம் கூட்டி வந்து அளந்தால் அந்த மணி வடிவம் வரலாம். மூன்று ரவுண்டு இன்டர்வியூ வைத்துப் பொறுக்கி எடுத்த பத்துப் பேர் டீமில் கட்டாயம் ஒருவர் மோசம் என்று எதை வைத்துச் சொல்வது? மைக்ரோசாஃப்ட் இதை 2013 நவம்பரில் தூக்கிப் போட்டது. அடோபி 2012லேயே வருஷாந்திர ரேட்டிங்கை விட்டுவிட்டது. இன்ஃபோசிஸ் 2015 வாக்கில் பெல் கர்வைக் கைவிட்டது. ஜெனரல் எலக்ட்ரிக்கே பிற்பாடு விட்டுவிட்டது. ஆனாலும் பெயரை எடுத்துவிட்ட பல இடங்களில் வழக்கம் போகவில்லை, ஏனென்றால் பட்ஜெட் போகவில்லை. எச்ஆர் இப்போது 'கர்வ்' என்று சொல்வதில்லை, 'கைட்லைன்' என்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ரேட்டிங் வந்த அன்றைக்கு ராத்திரி தூங்காமல் கிடப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், என் டீமிலேயே பார்த்திருக்கிறேன். நன்றாக வேலை தெரிந்த பெண், 3 வந்ததும் 'நான் இவ்வளவுதானா' என்று கேட்டார். இல்லவே இல்லை. 2000ம் ஆண்டில் ஸ்கல்லன், மவுண்ட், காஃப் என்று மூன்று ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 4,492 மேனேஜர்கள், ஒவ்வொருவருக்கும் மேலதிகாரிகள் இரண்டு பேர், கூட வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர், கீழே வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர் மார்க் போட்டார்கள். அந்த மார்க்குகளில் இருந்த ஏற்ற இறக்கத்தில் 62 சதவீதத்துக்குக் காரணம் மார்க் போட்டவருடைய சுபாவம். இவர் தாராளமாகப் போடுகிறவர், அவர் கறார், இன்னொருவர் எல்லோருக்கும் நடுவில் போடுகிறவர், இந்த மாதிரி. வேலை பார்த்தவருடைய உண்மையான திறமையால் வந்தது 21 சதவீதம்தான். அதாவது உங்கள் ரேட்டிங்கைப் பார்த்தால் உங்களைப் பற்றித் தெரிவதைவிட உங்கள் மேனேஜரைப் பற்றித்தான் அதிகம் தெரியும். பணம் அதில் மாட்டியிருக்கிறது என்பதால் அலட்சியப்படுத்த முடியாது, அதற்காகப் போராடுங்கள். உங்கள் தகுதிக்குச் சான்றாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது கூச்சத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஆட்களை அதிகம் கெடுப்பது இதுதான். வேலை செய்தால் போதும், அதுவே பேசும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நல்ல வளர்ப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதே தமிழில், 13ம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், புலவன் எவ்வளவு பெரிய நூலைச் செய்து முடித்தாலும் 'தான்தற் புகழ்தல் தகுதி யன்றே' என்று ஒரு சூத்திரம் எழுதிவிட்டு, அதற்கு அடுத்த சூத்திரத்திலேயே தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நாலு இடம் சொல்கிறார். அரசன் சபைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, பெரிய அவையில் வாதாடி வெல்ல வேண்டியிருக்கும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. அந்தக் கேலிப்ரேஷன் அறையை நினைத்துப் பாருங்கள், நாலில் மூன்று இடம் அங்கே பொருந்தும். உங்களைப் பார்த்தே இராத டெலிவரி ஹெட்டுக்கு எழுதி அனுப்புகிறீர்கள், அவருக்கு உங்கள் வேலை தெரியாது, உங்கள் பெயரை இன்னொரு பெயரோடு வைத்து வாதம் நடக்கிறது. இலக்கணம் எழுதியவரே அனுமதி கொடுத்த இடத்தில் நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை.

பெண்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிறிஸ்டீன் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்து 2022ல் வெளியிட்டார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தேர்வு, இரு தரப்பும் சராசரியாக ஒரே அளவில்தான் செய்தார்கள். 'நீ எவ்வளவு நன்றாகச் செய்தாய்' என்று கேட்டபோது பெண்கள் தங்களுக்குக் குறைவாகவே போட்டுக்கொண்டார்கள். வாங்கிய மார்க்கைச் சொல்லிவிட்டுக் கேட்டபோதும் அப்படித்தான். நம் ஊர் ஃபார்ம்களில் இதை வேறு வடிவத்தில் பார்க்கிறேன். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து முடித்த மைக்ரேஷனை 'எங்கள் டீம் முடித்தது' என்று எழுதுகிறார், டீமோடு சேர்ந்து முடித்ததை ஒரு பையன் 'நான் முடித்தேன்' என்று எழுதுகிறான். படிக்கிறவருக்கு எழுத்தில் இருப்பதுதான் தெரியும். நீங்கள் செய்ததற்கு 'நான்', டீம் செய்ததற்கு 'நாங்கள், அதில் என் பங்கு இது'. இந்த ஒன்றைச் சரியாக எழுதினாலே உண்மைக்கும் கெடுதல் இல்லை, உங்களுக்கும் நஷ்டம் இல்லை. பிரசவ விடுப்பில் ஆறு மாசம் போயிருந்தால், வேலையில் இருந்த மாசங்களை வைத்து மட்டும் மதிப்பிடச் சொல்லி ஃபார்மிலேயே எழுதிக் கேளுங்கள். எழுதாவிட்டால் பலர் வருஷம் முழுக்க இருந்தவரோடு வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

எப்படி எழுதுவது? ஒரு உதாரணத்தை முழுசாகவே காட்டுகிறேன். என்னிடம் இருந்த ஒரு பையன், இன்சூரன்ஸ் கிளெய்ம் ப்ராஜெக்ட், ப்ரொடக்ஷன் சப்போர்ட். அவன் எழுதியிருந்த வரி: 'ஹேண்டில்டு ப்ரொடக்ஷன் இஷ்யூஸ் வித் ஸ்ட்ராங் ஓனர்ஷிப் அண்ட் என்ஷூர்டு ஸ்மூத் டெலிவரி.' இந்த வரியை அந்த ஷீட்டில் இருக்கும் ஐம்பது பேரில் யார் பெயருக்கு எதிரே ஒட்டினாலும் ஒட்டும். கூப்பிட்டு உட்கார வைத்து, "இங்கிலீஷை விடுப்பா, என்ன பண்ணினேனு தமிழ்ல சொல்லு" என்றேன். கடகடவென்று சொன்னான். மாசக் கடைசி ராத்திரி ஓடும் பேட்ச் ஜாப் (தானாக ஓடும் ப்ரோகிராம்) அடிக்கடி பாதியில் நின்றுவிடும், ரெண்டு மணிக்கு போன் வரும், எழுந்து பார்த்து மறுபடி ஓட விடுவதற்குள் விடிந்துவிடும். எல்லோரும் நின்றால் ஓட விடுவது என்று பழகிவிட்டார்கள். இவன் ஆகஸ்டில் பழைய லாக், அதாவது ஜாப் ஓடியபோது பதிவானது, எல்லாம் எடுத்து உட்கார்ந்து பார்த்திருக்கிறான். எதிர் டீமிலிருந்து வரும் ஃபைலில் சில சமயம் கடைசி வரி, அதாவது மொத்தம் எத்தனை ரெக்கார்டு என்று சொல்லும் டிரெய்லர், இல்லாமலே வருகிறது. அப்போதெல்லாம்தான் ஜாப் விழுகிறது. லோடு ஆவதற்கு முன்னாலேயே டிரெய்லர் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு செக் போட்டு, இல்லையென்றால் அந்த டீமுக்குத் தானாக மெயில் போகிற மாதிரி செய்துவிட்டான். செப்டம்பரிலிருந்து அந்தக் காரணத்துக்காக ஒரு ராத்திரி போன்கூட வரவில்லை. இவ்வளவையும் செய்துவிட்டு 'ஸ்மூத் டெலிவரி' என்று எழுதி வைத்திருந்தான்!

அவன் சொன்னதையே மூன்று சின்ன வரியாக எழுதச் சொன்னேன். என்ன பிரச்சினை இருந்தது, நான் என்ன கண்டுபிடித்து என்ன செய்தேன், அதற்குப் பிறகு என்ன மாறியது. கூடவே டிக்கெட் நம்பரும், ஆன்சைட் லீட் அனுப்பிய பாராட்டு மெயிலின் தேதியும். பெரிய இங்கிலீஷ் எதுவும் இல்லை, பெயரடைகள் எதுவும் இல்லை. அந்த மூன்று வரியை அப்படியே கூட்டத்தில் படிக்கலாம். படித்தால் அதற்கு மேல் யாரும் 'இவர் யாரு' என்று கேட்க மாட்டார்கள்.

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். ஃபார்ம் இங்கிலீஷில் இருக்கிறது என்றதும் நம்மிடம் இல்லாத ஒரு மொழியில் எழுத வேண்டும் என்று பயந்து, கூகுளில் தேடியோ சாட்ஜிபிடியிடம் கேட்டோ பளபளப்பான வாக்கியங்களை எடுத்து ஒட்டுகிறார்கள். படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் அதே வாக்கியத்தை அன்றைக்கு ஏழாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பார். முதலில் நண்பனிடம் சொல்வது போல் தமிழில் சொல்லிப் பாருங்கள், போனில் ரெக்கார்ட் செய்துகூடப் பாருங்கள். அதில் வரும் சம்பவம், தேதி, எண்ணிக்கை, இதை மட்டும் எளிய இங்கிலீஷில் கொண்டுவந்தால் போதும். கருவியிடம் கொடுப்பதாக இருந்தால் இலக்கணப் பிழையைத் திருத்த மட்டும் கொடுங்கள்.

எதை எழுதுவது என்பதிலும் ஒரு விஷயம். வருஷம் முழுக்க செய்த எல்லாவற்றையும் பட்டியல் போடாதீர்கள், இருபது பாயின்ட் எழுதினால் யாரும் ஒன்றுகூடப் படிக்க மாட்டார்கள். மூன்று, அதிகமாகப் போனால் நாலு. வருஷ ஆரம்பத்தில் உங்களுக்குக் கொடுத்த கேஆர்ஏவில் (முக்கியப் பொறுப்புகளின் பட்டியல்) எதற்கு வெயிட்டேஜ் அதிகமோ அதற்குக் கீழே வருகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ப்ராஜெக்ட் மாறியிருந்தால் பழைய மேனேஜரிடம் எழுத்தில் ஃபீட்பேக் வாங்கி இணைத்துவிடுங்கள். ரிலீஸ் ஆகும் வாரத்திலேயே வாங்கிவிடுவது நல்லது, அப்புறம் அவரும் மறந்துவிடுவார், சில சமயம் கம்பெனியை விட்டே போயிருப்பார். ப்ராஜெக்ட் மாறினவர்கள்தான் கேலிப்ரேஷனில் முதலில் அடி வாங்குவது. புது மேனேஜருக்கு அவர்களைத் தெரியாது, பழையவர் அந்த அறையிலேயே இருக்க மாட்டார்.

நம்பருக்கு வருகிறேன், நீங்கள் நேராகக் கேட்டது அதைத்தானே. நாம் நமக்குப் போடுவதும் மேலதிகாரி போடுவதும் அவ்வளவாகப் பொருந்துவதில்லை, இது உலகம் முழுக்க அப்படித்தான். 1988ல் ஹாரிஸ், ஷோப்ரோக் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சக ஊழியர் மதிப்பீடும் மேலதிகாரி மதிப்பீடும் 0.62 அளவுக்கு (1 என்றால் முழுப் பொருத்தம்) ஒத்துப்போயின, சொந்த மதிப்பீடும் மேலதிகாரி மதிப்பீடும் 0.35தான். ஆகவே மேனேஜர் மனசில் என்ன இருக்கும் என்று ஊகித்து அந்த நம்பரைப் போட முயற்சி செய்யாதீர்கள். ஃபார்மில் ஒவ்வொரு நம்பருக்கும் விளக்கம் இருக்கும், 4 என்றால் எதிர்பார்ப்பை மிஞ்சியது என்று. அந்த விளக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்ட உங்களிடம் சம்பவம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று சம்பவம் இருந்தால் 4 போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். எல்லாக் கட்டத்திலும் 5 போடுவதுதான் கெடுதல், படிக்கிறவர் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிடுவார். ஒன்றிரண்டில் 3, பலமான இடத்தில் 5, மற்றதில் 4 என்று இருந்தால் யோசித்துப் போட்டிருக்கிறார் என்று தெரியும். அடக்கமாக இருக்கட்டும் என்று தகுதிக்குக் கீழே மட்டும் போடவே போடாதீர்கள். ஒன்பது பேரில் நாலு பேரை இறக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள், தானே 3 போட்டுக்கொண்டவரைத்தான் முதலில் இறக்குவார்கள், அதில் சண்டையும் வராது. 'அவரே அப்படித்தானே போட்டிருக்கிறார்' என்ற வாக்கியத்தை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது 'முன்னேற்றம் தேவைப்படும் இடங்கள்' என்ற கட்டம். இங்கேதான் எனக்குக் கம்பெனிகள் மேல் உண்மையான கோபம். மனம் திறந்து உன் குறையைச் சொல் என்று கேட்கிறார்கள், அதே ஃபார்மை வைத்துச் சம்பளத்தையும் முடிவு செய்கிறார்கள். இது சரிவராது என்று 1965லேயே ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். மேயர், கே, ஃபிரெஞ்ச் என்று மூன்று பேர். 92 ஊழியர்களிடம் மதிப்பீட்டுக்கு முன்னால் கேட்டபோது தங்களைச் சராசரிக்குக் கீழே வைத்துக்கொண்டவர்கள் இரண்டே பேர். எல்லோருடைய சொந்தக் கணிப்பின் சராசரி 77வது பெர்சென்டைல், அதாவது நூறு பேரில் 77 பேரைவிட நான் மேல் என்ற நினைப்பு. அப்படி நினைத்துக்கொண்டிருப்பவரை உட்கார வைத்து வருஷத்துக்கு ஒரு தடவை மேலதிகாரி குறை சொன்னால் என்ன ஆகும்? தற்காப்புக்குப் போகிறார். அதிகம் குறை சொல்லப்பட்ட விஷயங்களில்தான் பிறகு முன்னேற்றம் குறைவாக இருந்தது. சம்பளப் பேச்சைத் தனியாகவும், வேலையை மேம்படுத்தும் பேச்சைத் தனியாகவும் வையுங்கள் என்று அன்றைக்கே சொன்னார்கள். அறுபது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் ஒரே ஃபார்ம்.

அதனால் என் அறிவுரை இது. அந்தக் கட்டத்தில் பொய் எழுதாதீர்கள், 'நான் அதிகம் உழைக்கிறேன், அதுதான் என் குறை' என்ற மாதிரி எழுதினால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் உள்ளதை எல்லாம் கொட்டவும் செய்யாதீர்கள். அந்த ஃபார்ம் சிஸ்டத்தில் வருஷக்கணக்காக இருக்கும், நாளைக்கு ஆள்குறைப்பு என்று வந்தாலோ பிஐபியில் (வேலை சரியில்லை என்று கெடு வைத்துக் கண்காணிப்பது) போட நினைத்தாலோ அதைத்தான் திறப்பார்கள். சின்னதாக, எல்லை தெரிகிற மாதிரி, திருத்த ஆரம்பித்துவிட்ட ஒன்றை எழுதுங்கள்: கிளவுட் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு, அக்டோபரில் பயிற்சி முடித்தேன், அடுத்த ரிலீஸில் அந்த மாட்யூலை எடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். உங்களுக்கே உறுத்துகிற பெரிய குறை இருந்தால், மீட்டிங்கில் பேச வராது, எஸ்டிமேட் எப்போதும் தப்பாகிறது என்ற மாதிரி, அதை அப்ரைசல் சூடெல்லாம் ஆறின ஜூலை, ஆகஸ்டில் நீங்கள் நம்புகிற ஒரு சீனியரிடம் டீ குடிக்கப் போகும்போது கேளுங்கள். அங்கே கிடைக்கும் பதில் உபயோகமாக இருக்கும்.

அரசு வேலையில் இருக்கும் நண்பர்கள் 'எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை' என்பார்கள். இருக்கிறது. மத்திய அரசில் முன்பு ஏசிஆர் என்ற ரகசியக் குறிப்பு இருந்தது, பாதகமாக எழுதினால் மட்டும்தான் ஊழியருக்குத் தெரிவிப்பார்கள். எல்லைச் சாலைகள் அமைப்பில் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியராக இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94க்கு 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பாதகம் இல்லையே என்று அதைத் தெரிவிக்கவில்லை. ஆனால் பதவி உயர்வுக்கு ஐந்து வருஷமும் 'மிக நன்று' வேண்டும், அந்த ஒரு வருஷத்து 'நன்று' அவருடைய பதவி உயர்வைத் தடுத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, எந்தக் குறிப்பானாலும், நல்லதோ கெட்டதோ, ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. அடுத்த வருஷம் மே மாதம் மத்திய அரசு ஆணையே போட்டது. ஏசிஆருக்குப் பதிலாக வந்த ஏபிஏஆர் என்ற வருஷாந்திர மதிப்பீட்டு அறிக்கையை முழுசாகக் காட்ட வேண்டும், ஆட்சேபம் சொல்ல 15 நாள். நீங்கள் மத்திய அரசு வேலையில் இருந்தால் அந்தச் சொந்த மதிப்பீட்டுப் பகுதியை கிளார்க்கிடம் கொடுத்துப் போன வருஷத்ததையே நகல் எடுக்கச் சொல்லாதீர்கள். 10க்கு 8லிருந்து 'மிகச் சிறப்பு', 6லிருந்து 8க்குள் 'மிக நன்று', வேலையின் விளைவுக்கு மட்டும் 40 சதவீத வெயிட்டேஜ். மார்க் போடும் அதிகாரி முதலில் பார்ப்பது நீங்கள் எழுதினதைத்தான்.

தனியார் கம்பெனியில் அந்த மாதிரி தீர்ப்பு எதுவும் உங்களுக்குத் துணைக்கு வராது, அதனால் கேட்கிற நேரம் முக்கியம். ரேட்டிங் கேலிப்ரேஷனில் லாக் ஆன பிறகு மாறுவது மிக அபூர்வம். உங்களுக்கு ஏற்றினால் இன்னொருவரை இறக்க வேண்டும், கணக்கு இடிக்கும். மேனேஜர் உங்களைக் கூப்பிட்டு 'டிஸ்கஷன்' என்று உட்கார வைக்கிறாரே, அன்றைக்குப் பெரும்பாலும் முடிந்த முடிவைத்தான் சொல்கிறார், அவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. ஆகவே பேச வேண்டியது அதற்கு முன்னால். ஃபார்மை சப்மிட் செய்வதற்கு முந்தின வாரம் பதினைந்து நிமிஷம் கேளுங்கள். "இந்த மூணு விஷயத்தை எழுதப்போறேன், மேல கேட்டா உங்களுக்கு எடுத்துச் சொல்ல இது போதுமா, வேற எதாவது வேணுமா" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நல்ல மேனேஜருக்கு இது பெரிய உதவி, அவரே எந்த வரியை மேலே வைக்கலாம் என்று சொல்வார். முகம் சுளித்து நழுவினால், இந்த வருஷம் உங்களுக்காகப் பேசும் எண்ணம் அவருக்கு இல்லை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்கிறீர்கள். ஸ்கிப் லெவலிடம், அதாவது மேனேஜருக்கு மேலே இருப்பவரிடம், பேசுவதோ, வேறு ப்ராஜெக்ட் பார்ப்பதோ, அதைச் செய்ய நேரம் கிடைக்கும்.

இதைப் படிக்கும் மேனேஜர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் டீம் எழுதிய செல்ஃப் அப்ரைசலைக் கூட்டத்துக்கு முந்தின ராத்திரி ஒரு தடவையாவது முழுசாகப் படியுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சம்பவம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். படிக்காமல் போய் உட்கார்ந்து 'நல்ல பையன்' என்று சொல்வது ஒருவருடைய வீட்டு இஎம்ஐயில் கை வைப்பது. நீங்கள் வாதாடியும் இறங்கிவிட்டால், அவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். உண்மையான காரணம் பட்ஜெட்டாக இருக்கும்போது, அதை மறைக்க அவரிடம் இல்லாத ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடாதீர்கள். அதை அவர் நம்பிவிடுவார், வருஷக்கணக்கில் சுமப்பார்.

குறைவாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்கே 'அக்செப்ட்' பட்டனை அழுத்தாதீர்கள், கோபத்தில் எதையும் டைப் செய்யவும் வேண்டாம். ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் மேனேஜரிடம், "எந்தச் சம்பவத்தை வெச்சு இந்த ரேட்டிங், 4 வாங்க அடுத்த வருஷம் நான் எதைக் காட்டணும்" என்று இரண்டே கேள்வி கேளுங்கள், அவர் சொல்லும் பதிலைச் சுருக்கி 'நாம் பேசியது இது' என்று அவருக்கே மெயில் போடுங்கள். ஃபார்மில் ஊழியர் கருத்து என்று ஒரு கட்டம் இருக்கும், அங்கே உணர்ச்சி எதுவும் இல்லாமல் உங்கள் மூன்று சம்பவத்தையும் தேதியோடு மறுபடி பதிவு செய்துவிட்டு, 'ரேட்டிங்கோடு உடன்படவில்லை, பார்த்துவிட்டேன் என்பதற்காக மட்டும் ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதுங்கள். அப்பீல் செய்ய எத்தனை நாள் இருக்கிறது என்பது எச்ஆர் போர்ட்டலில் பாலிசி பக்கத்தில் இருக்கும், அது முடிவதற்குள் செய்யுங்கள். அப்புறம் மெயிலில் ஒரு ஃபோல்டர் போட்டு, ஏப்ரல் முதல் வாரத்திலிருந்தே பாராட்டு மெயில், டிக்கெட் நம்பர், ரிலீஸ் தேதி எல்லாவற்றையும் அதில் போட ஆரம்பியுங்கள். கம்பெனி மாறினால் கிளையண்ட் தகவல் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால், என்ன செய்தேன் என்ற குறிப்பை மட்டும் உங்கள் சொந்த நோட்டில் பெயர் இல்லாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த இன்டர்வியூவுக்கும் அதுவே உதவும்.